எனக்கு விழுந்த ரெண்டு முத்து

அங்க யாரும் இல்லம்மா. தட்டிக்கிட்டே நின்னா உனக்குக் கைதான் வலிக்கும். கவுன்சிலர் அம்மா நகராட்சிக் கூட்டத்துக்குப் போயிருக்காங்க. வர மூணு மணி ஆகும். அவங்க மாவு மில்லையும் மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டிட்டாங்க. இங்குட்டு வா, வந்து உள்ள உக்காரு. பத்திரிகையா? பார்த்த உடனே நினைச்சேன். தோள்ல பை, கையில நோட்டு. கவுன்சிலர் வடிவைப் பத்தித்தானே எழுத வந்திருக்க. எழுது, எழுது. உனக்கு முன்னாடி மூணு பேரு வந்து எழுதிட்டாங்க. மூணு பேரும் அந்தக் கதவைத்தான் தட்டுனாங்க. ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் ஒருத்தரும் வரல.

மோர் குடி. உப்பு சரியா இருக்கா?

மங்கையர் அரசியல் மன்றத்தைப் பத்தித்தானே கேக்க வந்த? அதை ஆரம்பிச்சது யாருன்னு உன்கிட்ட சொல்லி அனுப்புனாங்க? வடிவுன்னா? எனக்குத் தெரியும். ஆரம்பிச்சது நான். இந்திராணி. நோட்டை எடு, எழுதிக்கோ. நான் சொல்லாம இதை வேற யாரும் சொல்ல மாட்டாங்க. அவ சொல்லுவா, அது வேற. மேடைக்கு மேடை 'எல்லாத்துக்கும் எங்க இந்திராணி அக்காதான் காரணம்'னு சொல்லுவா. அப்படிச் சொன்னா யாருக்கு நல்ல பேரு? எவ்வளவு அடக்கமான பொண்ணுன்னு சனம் கை தட்டும். எனக்கா தட்டுச்சு? அவளுக்குத்தான் தட்டுச்சு.

நீ உக்காந்திருக்கியே இந்த பெஞ்சு, இதுலதான் மன்றம் ஆரம்பிச்சது. எங்க வீட்டுக்காரர் இருக்கிறவரைக்கும் இது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். பன்னெண்டு மிஷின். கம்ப்யூட்டர் வந்தப்புறம் டைப் அடிக்க ஆள் இல்ல. அவரும் போய்ச் சேர்ந்தாரு. மிஷின் எல்லாம் உறையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு, நானும் உக்காந்திருந்தேன். தினம் ரெண்டு பேப்பர் வாங்குவேன். தலையங்கம் வரைக்கும் படிப்பேன். படிச்சதைச் சொல்ல ஆள் வேணாமா?

அப்ப எங்க வார்டுல ஒரு பொம்பளை கவுன்சிலர் இருந்தாங்க. கூட்டத்துக்குப் போறது அவங்க புருசன். பேசுறதும் அவரு, கோபப்பட்டு வெளிநடப்பு பண்றதும் அவரு. காகிதம் மட்டும் வீட்டுக்கு வரும், அந்தம்மா அடுப்படியில நின்னுக்கிட்டே கையெழுத்துப் போட்டுக் குடுக்கும். அதைப் பார்த்துத்தான் எனக்கு ஒரு வெறி வந்துச்சு. பொம்பளைங்களுக்கு அரசியல் தெரியணும். தெரிஞ்சாத்தான் தைரியமா நிக்க முடியும். சனிக்கிழமை மூணு மணிக்கு வாங்கன்னு தெருத்தெருவாப் போய்க் கூப்பிட்டேன். முதல் வாரம் வந்தது நாலு பேரு. அதுல ஒருத்தி டைப் கிளாஸ் திரும்ப ஆரம்பிச்சாச்சுன்னு நினைச்சு வந்தவ. விட்டேனா? விடல. ஆறு மாசத்துல முப்பதைத் தொட்டுட்டேன்.

விதியெல்லாம் நான் போட்டதுதான். எந்தக் கட்சி வீட்டுப் பொம்பளையும் வரலாம், கட்சிக்கரைச் சேலை மட்டும் கட்டிட்டு வரக்கூடாது. தலைவர் பேரைச் சொல்லிச் சண்டை போட்டா, போட்டவ அன்னைக்கு ஹாலைக் கூட்டணும். ஹால் எப்பவும் சுத்தமாத்தான் இருக்கும். அப்புறம் இந்த ஓட்டு விசயம். கையைத் தூக்குங்கன்னா ஒருத்தியும் மனசார தூக்க மாட்டா. மாமியாரும் மருமகளும் ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தா, மாமியார் கையைப் பார்த்துத்தான் மருமக கை எந்திரிக்கும். அதனால ஒரு ஏற்பாடு பண்ணினேன். ஆளுக்கு ஒரு புளியமுத்து, ஒரு மொச்சை வீட்ல இருந்தே கொண்டு வரணும். டைப்ரைட்டர் உறைக்குள்ள ஒரு சொம்பு வச்சிருப்பேன். வரிசையா வந்து, கையை உறைக்குள்ள விட்டு, போட்டுட்டுப் போயிறணும். புளியமுத்துன்னா சம்மதம், மொச்சைன்னா இல்ல. யாரு எதைப் போட்டான்னு யாருக்கும் தெரியாது. என் யோசனைம்மா அது. போன தடவை வந்த பத்திரிகையில 'வடிவு கண்டுபிடித்த எளிய முறை'ன்னு போட்டிருந்தாங்க. படிச்சுட்டு எனக்கு மூணு நாள் சோறு இறங்கல.

அவளை மன்றத்துக்குக் கூட்டிட்டு வந்ததே நான்தான். அதையும் எழுதிக்கோ. முழுப்பேரு செண்பகவடிவு. கல்யாணமாகி எதுத்த மாவு மில்லு வீட்டுக்கு வந்த பொண்ணு. தலை, புருவம் எல்லாம் எப்பவும் மாவா இருக்கும். கோதுமை அரைக்கப் போனப்ப, 'ஏண்டி, நாள் பூரா மில்லுக்குள்ளயே கிடக்க. சனிக்கிழமை வா, நாலு விசயம் தெரிஞ்சுக்கோ'ன்னேன். 'வாரேங்க்கா'ன்னா. வந்தா. கடைசி பெஞ்சுல உக்காந்தா. ரெண்டு மாசம் வாயே திறக்கல. அமைதியான பொண்ணுன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். என் வாய்.

ரெண்டு மாசம் கழிச்சு ஒருநா எந்திரிச்சு, 'அக்கா, நம்ம வார்டு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?'ன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. மேப்பை விரிச்சுச் சொல்லிக்குடுத்தேன். இந்தத் தெருவுக்கு நடுவாலதான் எல்லை போகுது. என் வரிசை பதினாலாம் வார்டு, அவ வரிசை பதினஞ்சு. சரிங்க்கான்னு உக்காந்துட்டா. மறுநாக் காலையில வாசல் தெளிக்க வாரேன், அவ மில்லுல கூட்டி அள்ளுன மாவை ஒரு வாளியில வச்சுக்கிட்டுத் தெரு நடுவுல கோடு போட்டுக்கிட்டுப் போறா. பின்னாடியே பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க. இந்த உடைஞ்ச குழாய் பதினாலு, அந்த அடைச்ச சாக்கடை பதினஞ்சு, குப்பைத்தொட்டி ரெண்டுக்கும் நடுவுலன்னு சத்தம் போட்டுச் சொல்லிக்கிட்டுப் போறாங்க. நான் அதுக்கு முன்னாடி மூணு வாரம் தொண்டைத்தண்ணி வத்த எடுத்த பாடம்மா அது. ஒரு வாளி மாவுல முடிச்சுட்டா. அடுத்த மழையில கோடு அழிஞ்சுது. அந்தப் பேச்சு இன்னும் அழியல.

நான் யாரையும் பார்த்து வயிறு எரியிறவ கிடையாது. கேட்டுப் பாரு, தெருவுல யாரையும் கேட்டுப் பாரு. நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல, அதைச் சொல்றேன்.

கழிப்பறை விசயத்தை எடுத்துக்கோ. மார்க்கெட்டை ஒட்டிப் பொம்பளைங்களுக்குன்னு ஒரு கழிப்பறை கட்டி, ஒரு வருசமாப் பூட்டியே வச்சிருந்தாங்க. காய்கறி விக்கிற பொம்பளைங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கும். மன்றத்துல பேசி, முத்துப் போட்டு முடிவெடுத்து, நான் மனு அடிச்சேன். அதோ அந்த மிஷின்லதான். கார்பன் வச்சு நாலு காப்பி. 'மாண்புமிகு'ல ஆரம்பிச்சு 'பணிவுடன் வேண்டுகிறோம்' வரைக்கும் ஒரு எழுத்துப் பிழை இருக்காது. மூணு மாசத்துல மூணு மனு. மூணுக்கும் ரசீது வச்சிருக்கேன், காட்டவா? இருக்கட்டும், அப்புறம் காட்டுறேன்.

இவ என்ன பண்ணினா? ஒரு திங்கக்கிழமை, மனு வாங்குற நாள், மார்க்கெட்ல இருந்து காய்க்கூடையோட எட்டுப் பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு நேரா அதிகாரி முன்னாடி போய் நின்னா. கையில மனு கிடையாது, காகிதம் கிடையாது. 'சார், சாவி யாருகிட்ட இருக்கு?'ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. அவரு, 'திறப்பு விழாவுக்குத் தேதி கிடைக்கலம்மா'ன்னாரு. 'விழா அன்னைக்குப் பூட்டிக்கலாம் சார், இப்பத் திறந்து விடுங்க'ன்னா. ஆபீஸே சிரிச்சிருச்சாம். அவருக்கும் சிரிப்பு வந்துருச்சாம். சாயங்காலம் திறந்தாச்சு. வந்து என்கிட்ட சொல்றா, 'அக்கா, உங்க மனு மூணும் அவரு மேசையிலதான் இருந்துச்சு, அதனாலதான் உடனே நடந்துச்சு'ன்னு. எனக்குச் சமாதானம் சொல்றாளாம். அன்னைக்கு ராத்திரி சாப்பிடாமப் படுத்துட்டேன்.

அதுக்கப்புறம் பார்த்தா, சனிக்கிழமை என் ஹாலுக்கு வர்றதுக்கு முன்னாடியே எல்லாரும் மில்லுல பேசி முடிச்சுட்டு வாராங்க. அரைக்க வந்தவ டப்பாவை வச்சுட்டு முறைக்குக் காத்திருக்கணுமில்ல, அப்பப் பேச்சு. எனக்கு வாரத்துல ஒருநாக் கூட்டம். அவளுக்கு தினம் கூட்டம். நான் தலையங்கத்தை எடுத்தா, 'இதை வியாழக்கிழமையே பேசிட்டோமே'ன்னு கொட்டாவி விடுறாளுக.

சரி, இதுக்கு ஒரு முடிவு கட்டணும்னு, மன்றத்துக்கு முறையாத் தலைவி தேர்தல் வைப்போம்னு சொன்னேன். அதுவரைக்கும் நான்தான் தலைவி. யாரும் கேக்கல, நானே உக்காந்துக்கிட்டேன். ஆனா தேர்தல்ல ஜெயிச்ச தலைவின்னா மதிப்பு வேற பாரு. எதுத்து நிக்க ஆள் வேணுமே. 'வடிவு, நீ நில்லு'ன்னேன். 'எனக்கு வேணாங்க்கா, நீங்களே இருங்க'ன்னா. 'போட்டி இல்லாம ஜெயிச்சா அது ஜெயிப்பாடி? நில்லு'ன்னு நானே அவ பேரை போர்டுல எழுதினேன். இந்தக் கையாலதான்.

ஓட்டுக்கு முன்னாடி ஒரு பேச்சும் பேசினேன். 'நிக்கிறவங்க தனக்குத் தானே போட்டுக்கிறது பண்பு இல்ல. எதுத்து நிக்கிறவங்களுக்குத்தான் போடணும். வெளியில எப்படியோ, நம்ம மன்றத்துல இனிமே இதுதான் வழக்கம்'னேன். கன்னியம்மா மதினி கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. கன்னியம்மா மதினின்னா எங்க மன்றத்துலயே மூத்தவங்க, ரெண்டு வீடு தள்ளி இருக்காங்க. தாயம் ஆடுறதுன்னா அவங்களுக்கு உசிரு. அந்தப் பேச்சை நினைச்சா எனக்கே இப்பவும் புல்லரிக்குது.

அன்னைக்கு மொச்சை வேண்டாம், புளியமுத்து மட்டும். சன்னலோர மிஷின் எனக்கு, கதவோர மிஷின் அவளுக்கு. மொத்தம் முப்பத்தோரு பேரு. எண்ணுறதுக்கு அவ சொம்பைக் கவுத்தாங்க. கலகலன்னு கொட்டுது, கொட்டிக்கிட்டே இருக்கு. என் சொம்பைக் கவுத்தாங்க. டக், டக்.

இருபத்தொம்பது, ரெண்டு.

சிரிக்காத. சிரிக்கலையா? சரி.

ரெண்டுல ஒண்ணு யாருதுங்கிறதை விடு. இன்னொண்ணுதான் விசயம். அது சும்மாப் புளியமுத்து இல்ல. தாயம் ஆடுறதுக்காக ஒரு பக்கம் தரையில தேய்ச்சு வெள்ளையாக்கின முத்து. ரொம்ப நாள் ஆடி ஆடி வழுவழுன்னு ஆயிருந்துச்சு. மத்தவங்க பார்க்கிறதுக்கு முன்னாடி எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டேன். அன்னைக்கு எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதாம்மா. முப்பது பேருல ஒருத்திக்காவது நன்றி இருந்திருக்கே.

யாருன்னு யோசிக்கவே வேண்டியதில்ல. தாயம்னா கன்னியம்மா மதினிதான். அன்னையில இருந்து மதினிக்கு என் வீட்டுல ராஜமரியாதை. தினம் பதினொரு மணிக்குக் காபி. பண்டம் சுட்டா முதல் தட்டு அவங்களுக்கு. கண்ணு ஆபரேசனுக்கு நான்தான் கூடப் போய் ரெண்டு நாள் இருந்தேன். மதினி ஒருநாளும் ஏன்னு கேட்டதில்ல. கேப்பாங்களா? ரகசிய ஓட்டு பாரு, நானும் வாயைத் திறந்து சொன்னதில்ல. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையை ஆட்டிக்குவோம்.

மில்லுக்குப் போறதை அன்னையோட நிறுத்திட்டேன். ரெண்டு வருசமாத் தெக்குத்தெரு மில்லுக்குத்தான் போறேன். முக்கா மைல். தூக்குவாளியைத் தூக்கிக்கிட்டு அவ வாசலைத் தாண்டித்தான் போகணும். 'அக்கா, குடுங்க, அரைச்சு வைக்கிறேன்'னு ஒவ்வொரு தடவையும் கேப்பா. 'அங்கதான் நைசா அரைக்கிறான்'ம்பேன். நைசா எல்லாம் இல்ல, நறநறன்னுதான் இருக்கும்.

அப்புறம் நகராட்சித் தேர்தல் வந்துச்சு. வார்டுப் பட்டியல் போட்டாங்க. பதினஞ்சாம் வார்டு பெண்களுக்கு, பதினாலாம் வார்டு பொது. பார்த்தியா அநியாயத்தை. நடுவுல இருபதடி ரோடு. என் மாமனார் அந்தப் பக்கம் இடம் வாங்கியிருந்தா நீ இன்னைக்கு யாரு வீட்டுக் கதவைத் தட்டியிருப்ப? அவ வேட்புமனுவை எடுத்துக்கிட்டு இங்க வந்தா. இதே வாசப்படியில நின்னா. கையில ரெண்டு மனு. 'அக்கா, நான் பதினஞ்சுல நிக்கிறேன். நீங்க பதினாலுல நில்லுங்க. பொதுன்னா பொம்பளையும் நிக்கலாம்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. மன்றமே சேர்ந்து உங்களுக்கு வேலை பார்க்கும்'னா.

சொல்லிக்குடுத்தேன்தான். சொல்லிக்குடுக்கிறது வேற. பதினாலுல நிக்கிறவன் காண்ட்ராக்டர், நாலு கார் வச்சிருக்கான். என்னைத் தோக்க வைக்கிறதுக்குத்தானே கூப்பிடுறா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாலையும் வேட்டும், இந்தப் பக்கம் நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கணும், அதை அவ பார்க்கணும். 'எனக்கு முழங்கால் வலிடி, வீடு வீடாப் போக முடியாது'ன்னேன். 'மனுவை வச்சுட்டுப் போறேங்க்கா, கடைசி நாள் வெள்ளிக்கிழமை'ன்னுட்டுப் போனா. வெள்ளிக்கிழமை நான் தெக்குத்தெரு மில்லுக்குப் போயிட்டேன். காண்ட்ராக்டர் போட்டியே இல்லாம ஜெயிச்சான். எதுத்து நிக்க ஒரு ஆள் இல்ல. இந்த ஊருப் பொம்பளைங்களுக்குத் தைரியம் கிடையாதும்மா, எவ்வளவு சொல்லிக்குடுத்தாலும்.

அவ இருநூத்திச் சொச்சம் ஓட்டுல ஜெயிச்சா. கூட்டத்துக்கு அவளேதான் போறா, புருசன் மில்லைப் பார்த்துக்கிறாரு. நல்லாத்தான் பேசுறாளாம். பேசட்டும்.

இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தவா? இதுவரைக்கும் சொன்னதெல்லாம் எழுது. இனிமே சொல்றதை எழுதாத.

போன செவ்வாக்கிழமை தெக்குத்தெரு மில்லுல மோட்டார் புகைஞ்சு போச்சு. மறுநா என் தங்கச்சி வீட்ல இருந்து வாராங்க, இடியாப்பத்துக்கு மாவு இல்ல. வேற வழி? அவ இல்லாத நேரமாப் பார்த்து எதுத்தாப்ல போனேன். அவ புருசன் டப்பாவை வாங்கி வச்சாரு. மூலையில அவ மக ரெண்டும் தரையில கட்டம் போட்டுத் தாயம் ஆடிக்கிட்டிருக்குக. சின்னது ஒரே அழுகை. 'இந்த முத்து தாயமே போட மாட்டேங்குது, எனக்குப் பழைய முத்துதான் வேணும்'ங்குது. பார்த்தேன். நாலு முத்துல மூணு நல்லாத் தேஞ்சு வழுவழுன்னு இருக்கு. நாலாவது தொலையத் தொலைய மாத்துற முத்து போல, இன்னும் சரியாத் தேய்க்கக்கூட இல்ல.

'பழசு எங்கடி போச்சு?'ன்னேன்.

பெரியவ சொல்றா, 'உங்க வீட்டு மன்றத்துல ஓட்டுப் போடணும்னு அன்னைக்கு அம்மா அவசரத்துல அதை எடுத்துட்டுப் போயிட்டாங்க பெரியம்மா. கேட்டா, அது பெரியம்மாகிட்ட இருக்கு, போய்க் கேக்கக்கூடாதுங்கறாங்க.'

மாவை வாங்காமயே வந்துட்டேன்.

சாமிப் படத்துக்குப் பின்னாடிதான் வச்சிருந்தேன். எடுத்துப் பார்த்தேன். அதே தேய்ப்பு, அதே வழுவழு. நீயே யோசிச்சுப் பாரு. வழக்கம்னு நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன், நாலு பேரு கேக்க நல்லா இருக்குமேன்னு. அதை யாராவது செய்வாங்களா? உறைக்குள்ள கை போறப்ப யாரு பார்க்கப் போறா? நானே... சரி, உன்கிட்ட ஒளிச்சு என்ன ஆகப்போகுது. மத்த முத்து என்னோடது. எனக்குத்தான் போட்டுக்கிட்டேன். முப்பத்தோரு பேருல எனக்குப் போட்டது ரெண்டு பேரு, ஒண்ணு நான், இன்னொண்ணு அவ. அதுலயும் என்னைவிட ஒருபடி மேல போயி நின்னுட்டா பாரு. எங்க போனாலும் எனக்கு முன்னாடி போய் நிக்கிறா. அதைக்கூடப் பொறுத்துக்குவேம்மா. ரெண்டு வருசம் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, 'அக்கா, குடுங்க, அரைச்சு வைக்கிறேன்'னு வாசல்ல நின்னாளே, அதுதான் பொறுக்கல.

கன்னியம்மா மதினியைக் கேட்டேன், அன்னைக்கு யாருக்குப் போட்டீங்கன்னு. 'வடிவுக்குத்தான். ஏன், உனக்குத் தெரியாதா?'ன்னுட்டு காபி ஆறுதுன்னாங்க. இப்பவும் பதினொரு மணிக்கு வந்துருவாங்க. எப்படி நிறுத்துறதுன்னு தெரியல.

அந்தா, ஸ்கூட்டி சத்தம். வந்துட்டா. பாரு, வண்டியை நிறுத்தும்போதே அவளைச் சுத்தி நாலு பேரு. போம்மா, போய்ப் பேசு. மன்றத்தை ஆரம்பிச்சது இந்திராணின்னு எழுதிடு, அது போதும். முத்துப் போடுறது என் யோசனைன்னும் எழுது.

இரு, ஒரு நிமிசம். இந்தா. இதை அந்தச் சின்னப் புள்ளைகிட்ட குடுத்துரு. நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம், ரோட்டுல கிடந்துச்சுன்னு சொல்லு. தாயம் விழலைன்னு அழுதுக்கிட்டிருக்கு.

இல்ல, இங்க குடு. குடும்மா திருப்பி. அதுக வேற முத்து தேய்ச்சுக்கட்டும். எனக்குன்னு ஒருத்தி போட்ட ஓட்டு இது ஒண்ணுதான்.